மேலே வரும் சேவைக்கு நன்றி

கண்டி மாநகரில் உள்ள ஓர் அரச அலுவலகத்தின் நிர்வாக உத்தியோகத்தர் அவர்களுக்கு,

ஐயா/அம்மணி,

அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் வைஃபையே அதை இரவு பகலாகக் கூவிக்கொண்டிருக்கும்போது நான் வேறு எதற்கு? கண்டி மலைச்சரிவு ஊர். கீழே உங்கள் கூரை, மேலே எங்கள் யன்னல், நடுவில் மறைப்பில்லை. எங்கள் குசினியிலும் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கின்றன. வீடு தேடி வந்த ஒரே அரச சேவை இதுதான். அதற்கு நன்றி சொல்லவே இக்கடிதம்.

உங்கள் வாசலால் வந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். செக்யூரிட்டி ஐயா பெரிய கொப்பியை நீட்டி, பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், யாரைச் சந்திக்க என்று எல்லாம் எழுதவைப்பார். உள்ளே போனால் அடையாள அட்டையின் போட்டோ கொப்பி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, சிங்களத்தில் நிரப்பலாம். இவ்வளவும் எங்கள் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த! அதே கோப்பைத் தேடிக் காற்றுவழியாக வருகிறவனிடம் நீங்கள் கேட்பது பத்து இலக்கக் கடவுச்சொல் மட்டும். அதுவும் பெயர்ப்பலகையில் இருக்கும் உங்கள் தொலைபேசி இலக்கம்.

பலகையை வாசிக்கத் தெரியாதவனுக்கும் கவலையில்லை. 081 கண்டிக்கே பொது. மிச்சம் ஏழு இலக்கம், ஒரு கோடி வாய்ப்பு. யாரோ ஒருவரின் போன் ரவுட்டரோடு இணையும் கணத்தைப் பதிவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோனால், பிள்ளைகள் கேம் விளையாடும் கணினியே சில நிமிடத்தில் விடையைத் தந்துவிடும்.

கடவுச்சொல்லுக்குப் பதில் ஓர் எண்ணால் இணையவிடும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும் அணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதன் எட்டு இலக்க எண்ணைப் பத்துக் கோடி முறை முயன்றுதான் உடைக்கலாம் என்று உலகம் நினைத்திருந்தது. 2011 கடைசியில் வெளியான ஆய்வு, அதிகபட்சம் 11,000 முறையே போதும் என்றது. ஏனென்றால் முதற்பாதி சரியா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. எந்தப் பாதி பிழை என்று அன்றைக்கே சொல்லும் ஒரே உத்தியோகத்தர் உங்கள் கட்டடத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த ஊர் முன்பு இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1660 இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் எழுதிவைத்திருக்கிறார்: கண்டி இராச்சியத்துக்குள் வரும் வழிகளில் முள்ளுக் கடவைகள், காவற்காரர்கள். கடப்பவர் களிமண்ணில் பதித்த முத்திரை காட்டவேண்டும். போர்வீரனுக்கு ஒரு படம், சுமை தூக்குகிறவனுக்கு வேறு, வெள்ளைக்காரனுக்கு இன்னொன்று. யார் எதுவரை போகலாம் என்ற பிரிவினை அன்றே இருந்திருக்கிறது. உங்களிடம் தேநீர் குடிக்க வந்த ஒப்பந்தக்காரரும் சம்பளப் பட்டியலும் ஒரே வலையில். நொக்ஸ் தப்பியோட ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. உங்களிடமிருந்து ஒரு கோப்பு தப்பியோட, பஸ் வரும்வரை காத்திருக்கும் நேரம் போதும்.

யாராவது உங்களைத் திருத்த வரலாம். விருந்தினருக்குத் தனி வலை வையுங்கள் என்பார்கள். டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு, முடியாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2 போடுங்கள், நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து நீளமான கடவுச்சொல் வையுங்கள், ரவுட்டரோடு வந்த ‘அட்மின்’ கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்பார்கள். ஒரு மத்தியானத்தில் முடியக்கூடிய வேலை. ஆகவே குழு அமைத்து, விலைமனு கோரி, தாமதிக்க வாய்ப்புண்டு. அமைதியாக இருங்கள்.

அரச தகவல் தொலைந்த கதையையும் சொல்லிப் பயமுறுத்துவார்கள்: 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் முகில் சேமிப்பகத்தை ரன்சம்வெயார் தாக்கி, சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்குப் பிரதியே எடுக்கப்பட்டிருக்கவில்லை. தாக்குதலுக்குக் காரணமென்று பேசப்பட்டது பழைய மென்பொருள், வைஃபை அல்ல. உங்கள் மேல் பழி இல்லை. எங்கள் அப்பாவின் கோப்பைப் பிரதியெடுக்க உங்களுக்கு எங்கே நேரம்? அயலவர்கள் எடுத்து வைத்திருப்பார்கள்.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆகவே நான் நுழையவில்லை, யன்னலோரம் நின்று பார்க்க மட்டும் செய்கிறேன்.

பதில் எழுதுவதானால் தமிழில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் விடுமுறை என்றால் சிங்களத்திலும் சரி. தபாலில் அனுப்பி முத்திரையை வீணாக்க வேண்டாம், உங்கள் பொதுக் கோப்புறையில் போட்டுவிடுங்கள். எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒரு பொடியன் எடுத்து வந்து தருவான்.

இங்ஙனம்,
மேல்வீட்டுப் பயனாளி