சதுர அடி சார்

வீடு கட்டுகிற மனிதரைத் தெருமுனையில் வரும்போதே கண்டுபிடித்துவிடலாம். பேனா இருக்க வேண்டிய பையில் அளவு டேப் துருத்திக்கொண்டிருக்கும். செருப்பில் சிமென்ட் காய்ந்திருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். போன தை வரைக்கும் அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. பூமி பூஜை போட்ட பிறகு பெட்டிக்கடைக்காரருக்குக்கூட அவர் 'சதுர அடி சார்'தான்.

ரூபாயில் எண்ணுவதை அவர் விட்டு ரொம்ப நாளாயிற்று. டீக்கடையில் சில்லறை நீட்டும்போது, "ரெண்டு செங்கல் போச்சு" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்க மாட்டார். மண்டபத்துத் தூணை விரல் மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு உட்காருவார்.

ஆரம்பத்தில் கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 400 மூட்டை சிமென்ட், 4 டன் கம்பி என்று இன்ஜினீயர் எழுதிக் கொடுத்த தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். அதில் சம்ப் இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, காம்பவுண்டு சுவரும் இல்லை.

"சதுர அடி ரேட்டுல அதெல்லாம் எப்படி சார் வரும்?" என்றார் மேஸ்திரி.

நல்ல மனிதர் மேஸ்திரி. எதற்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. "செஞ்சிரலாம் சார்" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்குக் கம்பியைவிட விலை அதிகம் என்பது சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதுதான் தெரியும்.

எம்-சாண்ட் விலை ஏறியதை சார் ஊரெல்லாம் சொல்லிப் புலம்புவார். பொய்யில்லை, ஏறத்தான் செய்தது. ஆனால் வாஸ்துக்காரர் வந்து உதட்டைப் பிதுக்கிய அன்றே ஈசான மூலை பாத்ரூமை இடித்து மாற்றியதையும், மச்சினர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சமையலறையை இரண்டடி நீட்டியதையும் அவர் வீட்டம்மா சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 முதல். சார் மேல்தளக் கான்கிரீட் போட்டு முடித்தது ஆவணியில். செய்தியைப் படித்த காலை அவர் இட்லியைத் தொடவில்லை.

விடிகாலை ஐந்தரைக்குப் போனால் மட்டும் அவரைச் சிரித்த முகமாகப் பார்க்கலாம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கு சுற்றிய தூணுக்கு ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். பேரனைக்கூட அவ்வளவு பொறுமையாகக் குளிப்பாட்டியவர் இல்லை. அந்தத் தண்ணீரும் லாரித் தண்ணீர் என்று அப்போது யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது.

வருகிற தையில் கிரகப்பிரவேசம். சுவர்க்கடிகாரம் வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணமாக மொய் எழுதவும். சாருக்கு இன்னும் வெளிப்பூச்சு பாக்கி இருக்கிறது.