விடிய விடியப் பதிந்த கூத்தைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவே ஏதாவதொரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருப்பார்கள். பிற்பகலில் பிரசங்கம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூத்து, பொழுது விடிந்தால் மங்களம். செய்யாறு வட்டத்துப் புரிசையிலிருந்தோ, 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கும் புஞ்சரசந்தாங்கல் பக்கமிருந்தோ கூத்தாடும் ஜமா வந்து இறங்கும். ஜமாவுக்குப் பின்னாலேயே ரெக்கார்டரும் கையுமாக நம்மைப் போன்றவர்களும் வந்து இறங்குவோம். ஒரே வாத்தியார் ஒரே பாட்டை இரண்டு ராத்திரி ஒரே மாதிரி பாடமாட்டார். எனவே நாம் பதிந்துகொண்டு போவது வேறெங்கும் கிடைக்காத சரக்கு. அதைக் கணினியில் ஏற்ற அனுபவசாலிகள் கையாளும் வழிமுறை இதோ.

படி 1: ஆறப் போடுங்கள்

ராத்திரி முழுக்கக் கண்விழித்த உடம்பு. வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டரைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுத் தூங்குங்கள். பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் பேட்டரி கசிந்து கம்பிச்சுருளில் பச்சை பூத்திருக்கும்; கடிகாரம் தன் நினைவிழந்து ஏதோ ஒரு ஆண்டின் ஜனவரி 1க்குப் போயிருக்கும். இனி நீங்கள் பதியும் எல்லாக் கூத்தும் புத்தாண்டு நள்ளிரவில் நடந்ததாகவே வரலாற்றில் நிற்கும். அடுத்த பாரதத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு ‘கார்டில் இடமில்லை’ என்று திரை சொல்லும்போது, போன வருஷத்துத் துகிலை அழித்துவிட்டு இந்த வருஷத்து அர்ச்சுனன் தபசைப் பதியலாம். திரௌபதியைச் சபையில் காப்பாற்றிய கண்ணனுக்கு மெமரி கார்டு விஷயத்தில் அனுபவம் கிடையாது.

படி 2: கேபிளைத் தேடுங்கள்

மேசை டிராயரில் ஒரு கொத்து கேபிள் கிடக்கும். அதில் மின்சாரத்தை மட்டும் கடத்தி, தகவலை விடாத ‘சார்ஜிங் மட்டும்’ ரகமாகப் பார்த்து எடுங்கள். சொருகியதும் ரெக்கார்டரில் விளக்கு எரியும், கணினியில் ஒன்றும் வராது. நம்பிக்கைக்கு விளக்கு போதும். பழைய ரெக்கார்டர் என்றால் மினி யுஎஸ்பி கேட்கும். பஸ் ஸ்டாண்டு கடையில் மைக்ரோவை எடுத்து நீட்டினால் வாதாடாமல் வாங்கி வாருங்கள். சொருகும்போது சேராது, அழுத்துங்கள்.

சரியான கேபிள் கிடைத்துவிட்டாலும் கவலை வேண்டாம். பல ரெக்கார்டர்கள் திரையில் ஒரு கேள்வி கேட்கும்: நான் சேமிப்புக் கருவியா, மைக்கா? மைக் என்று சொல்லிவிடுங்கள். கணினி அதை மைக்காகவே மரியாதை செய்யும். உள்ளே கூத்து இருப்பதே தெரியாது.

கார்டை வெளியே எடுத்து, மலிவாகக் கிடைக்கும் கார்டு ரீடரில் போட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. முழு அளவு எஸ்டி கார்டின் ஓரத்தில் ஒரு குட்டித் தாழ்ப்பாளும் உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டால் காப்பி எடுக்கலாம், ஆனால் கணினியால் எதையும் அழிக்க முடியாது. ஆகவே அதைத் தொடாதீர்கள்.

படி 3: கணினி சொல்வதைக் கேளுங்கள்

சில சமயம் ‘இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?’ என்று திரையில் வரும். இவ்வளவு பணிவாகக் கேட்கும் ஒன்றிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்று அமுக்குங்கள். இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. சாதாரண ஃபார்மேட்டில் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல் மட்டுமே போகும். ஒலி அப்படியே கார்டில் கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை வைத்து யாராவது அதை மீட்டுவிடக்கூடும். அதைத் தடுக்க உடனே அதே கார்டில் பேத்தியின் நர்சரிப் பாட்டைப் பதிந்துவிடுங்கள். மேலே எழுதினால்தான் பழையது உண்மையிலேயே போகும்.

படி 4: காப்பி வேண்டாம், கட் செய்யுங்கள்

சிடி தரத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. எட்டு மணி நேரக் கூத்து 5 ஜிபியைத் தொடும். இதைக் ‘கட்’ செய்து கணினிக்கு நகர்த்தும்போதுதான் கரண்ட் போவது வழக்கம். பழைய கம்ப்யூட்டராக, யுபிஎஸ் இல்லாததாக இருந்தால் உத்தமம். பாதி அங்கே, பாதி இங்கே என்று நின்றுவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி நிறைந்ததும் ஒரு கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் தாமாகவே திறக்கும். கணக்குப் போட்டால் மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம். பத்து மணிக்குத் தொடங்கினால் கட்டியங்காரன் முதல் கோப்பில், சண்டை சச்சரவெல்லாம் இரண்டாவதில், விடியற்காலை சமாச்சாரம் மூன்றாவதில். மூன்றாவது அளவில் சிறியதாக இருப்பதால் ஏதோ மிச்சம் மீதி என்று நினைத்து அழித்துவிடலாம். கர்ண மோட்சமாக இருந்தால் கர்ணன் சாகாமல் தப்பித்துவிடுவான்.

படி 5: பெயர் வைக்காதீர்கள்

இயந்திரம் தந்த பெயர் 0001, 0002 என்றிருக்கும். அப்படியே விடுங்கள். பிற்பாடு வேண்டியதைத் தேட உள்ளூரிலேயே ஒரு முறை இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் குடவோலை, அதாவது ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆளெடுத்த முறை. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நீங்களும் ஒரு பையனைக் கூப்பிட்டு மவுஸைக் கையில் கொடுங்கள். எது திறக்கிறதோ அதுதான் படுகளம்.

ஆனால் அந்தச் சபையார் நம் முறைக்கு ஒத்துவராதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சபை, அரசன் ஆணையோடு வந்து உடனிருந்தவர் யார், எழுதியவன் யார் என்று எல்லாவற்றையும் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். 919இல் வாரியத்துக்கு வருபவர் முப்பது முதல் அறுபது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அது சரிப்படாமல் 921இல் முப்பத்தைந்து முதல் எழுபது என்று திருத்தினார்கள். திருத்தியவர்கள் பழையதைச் சுரண்டி எறியவில்லை. இரண்டும் இன்றும் சுவரில் இருக்கின்றன. அதனால்தான் என்ன மாறியது என்று நமக்குத் தெரிகிறது.

படி 6: வாத்தியாருக்கு வாக்குக் கொடுங்கள்

விடிந்து, அரிதாரம் கலைக்கும்போது வாத்தியார் கேட்பார்: “சார், ஒரு காப்பி கெடைக்குமா? பசங்களுக்குப் பாடம் சொல்ல ஆவும்.” உடனே, “கண்டிப்பா அனுப்பறேன் வாத்தியாரே” என்று சொல்லி நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். இத்துடன் இந்தப் படி முடிந்தது.

இதிலும் கல்வெட்டு குறுக்கே நிற்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவனுடைய சின்னம்மா, பெரியம்மா, அத்தை, மாமன் பிள்ளைகள் பெயரும் விழக்கூடாது. இந்த விதியை ரெக்கார்டர் வைத்திருப்போருக்கும் நீட்டினால் அடுத்த பாரதத்தில் களரிப் பக்கம் உட்கார ஆளிருக்காது. உறவுக்காரர்களையும் சேர்த்தால் பந்தலே காலி.

பிடிவாதக்காரர்களுக்கு

இவ்வளவு சொல்லியும் பதிவு கணினிக்கு வந்தே ஆகவேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் தூங்கப் போகுமுன் கார்டின் தாழ்ப்பாளைத் தள்ளி, ரீடரில் போட்டு, காப்பி மட்டும் எடுக்கட்டும். இரண்டு பக்கமும் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு கோப்பிலும் முதல், நடு, கடைசி என்று ஒரு நிமிடமாவது கேட்கட்டும். தேதி, ஊர், கூத்து, ஜமா, பகுதி எண் என்று பெயரிட்டு, வாத்தியார் யார், முகவீணை யார், மிருதங்கம் யார் என்று ஒரு குறிப்பும் அதே ஃபோல்டரில் எழுதி வைக்கட்டும். வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி, வேறொரு வீட்டில் இன்னொரு காப்பி. கார்டைத் துடைப்பது அதற்கப்புறம். அதையும் ரெக்கார்டருக்குள் வைத்தே ஃபார்மேட் செய்வது நல்லது.

அந்த வேறொரு வீடு வாத்தியாருடையதாக இருக்கட்டும். பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டு நாலாம் நாள் கூப்பிடுவார்: “நல்லாருக்குது சார். ரெண்டு மணிக்கு மேல பின்பாட்டுக்காரன் தூங்கி வழிஞ்சி சுதி எறக்கிட்டான். அந்த எடத்த மட்டும் அழிச்சிடுங்களேன்.” 919ஐயே அழிக்காத ஊர் வாத்தியாரே இது என்று சொல்லிச் சமாளியுங்கள்.