பட்டாசு அறையில் கேலி: அளவும் கூலியும் பற்றிய ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்றும் வகுத்தார். வேலை செய்யும் இடத்தில் பிறக்கும் நகைக்கு மட்டும் தனி நூற்பா இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இவ்வாய்வு. களம், சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளம்.

முதல் கண்டுபிடிப்பு கணக்கு சார்ந்தது. மருந்து புழங்கும் அறைக்கு நான்கு பேர்தான் என்பது பட்டாசு ஆலை விதி. சொல்பவர் போக, ஒரு ஜோக்குக்கு அவையோர் மூவர். பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு இது வாய்க்காது. இங்கே தூங்குகிறவர் உடனே தெரிந்துவிடுவார். அலுமினியப் பொடியும் கந்தகமும் கலந்த மருந்து உராய்வைப் பொறுக்காது. ஆகவே முதுகில் தட்டுவது, பின்னால் வந்து பயமுறுத்துவது போன்ற செயல்வழி நகைச்சுவைக்கு இடமில்லை. வெடிபொருள் விதிகள் கிச்சுகிச்சு மூட்டுவதைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லைதான். உராய்வில் அதுவும் அடக்கம் என்பது ஆய்வாளர் கருத்து.

இரண்டாவது கண்டுபிடிப்புதான் கனமானது. திரி சொருகுவது, தாள் ஒட்டுவது எனப் பல வேலைக்கு எண்ணிக்கைக் கூலி. கை நின்றால் காசும் நின்றது. போர்மேனுக்கோ மாதச் சம்பளம். அவர் வாசலில் நின்று சொல்லும் ஜோக்குக்கு அவருக்குச் சல்லிக்காசு செலவில்லை. சிரிக்கும் அக்காவுக்குத்தான் செலவு. சிரிக்காவிட்டால் செலவு இன்னும் கூடும். போன தீபாவளிக்குச் சொன்ன ஜோக் இந்தத் தீபாவளிக்கும் எடுபடுவதன் ரகசியம் இதுவே. குளிரூட்டிய அலுவலகங்களிலும் இந்த விதி மாறுவதில்லை.

கீழிருந்து மேலே போகும் கேலிக்கு விலை வேறு. எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட ஜோக்குக்காக, 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விடுவித்தது. பின்னாளில் நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்த இழப்பீடு 1,000 ரூபாய். ஒரு ஜோக்கின் வரவு செலவு இவ்வளவு துல்லியமாகப் பதிவானது அபூர்வம்.

பெண்களைப் பார்த்துக் கேலியை வீசிவிட்டு, "சும்மா தமாசுக்குச் சொன்னேன்" என்று முடிக்கும் வகைக்கு ஆய்வே வேண்டாம். பாலியல் சாயல் கொண்ட பேச்சு துன்புறுத்தல்தான் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துவிட்டது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு வேண்டும். குறைந்தால் மாவட்டக் குழு இருக்கிறது. "அந்தப் பொண்ணும் சிரிச்சுச்சே" என்ற வாதம் மேலே சொன்ன கூலிக் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

பேசுபொருளுக்கும் வரம்புண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலை வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஊருக்கு வந்து, "என்ன, இன்னைக்கு எதுவும் வெடிக்கலையா?" என்று கேட்கிற வெளியூர்க்காரரைத் தொல்காப்பியரின் பேதைமையில் சேர்க்கலாம். நகை மட்டும் பிறக்காது.

இத்தனை நிபந்தனைக்கும் தப்பிய இடம் ஒன்று உண்டு: சாயங்காலம் ஊர் திரும்பும் ஆலை வேன். மருந்து இல்லை, கூலி ஓடவில்லை, போர்மேன் தன் பைக்கில் போய்விட்டார். பேசுபொருள் பெரும்பாலும் அவர்தான். வேனுக்கும் ஆள் கணக்கு உண்டு. அதை யாரும் எண்ணுவதில்லை.