உள்ளங்காலில் மச்சம்: யோகமா, ரோகமா?

கேள்வி: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளிகள். பல வருஷமாகத் தேய்த்தும் போகவில்லையே?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள், தோலாவது மிஞ்சும். மெலனின் என்ற நிறமி அங்கங்கே கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாநிறம், கறுப்பு நிறத்தவருக்கு இது சகஜம். வலிக்காது, அரிக்காது, தொற்றாது. வைத்தியமும் வேண்டாம்.

கேள்வி: ஆள் கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கை மட்டும் ஏன் வெளுப்பு?

பதில்: அங்கே நிறமி தயாரிக்கும் செல்கள் குறைவு. இருப்பவற்றையும் ‘டிகேகே1’ என்ற புரதம் தலைதூக்க விடுவதில்லை. அந்தக் கெடுபிடியிலும் எட்டிப் பார்ப்பவைதான் இந்தப் புள்ளிகள்.

கேள்வி: உள்ளங்காலில் மச்சம் இருந்தால் வெளிநாடு போவேனாமே?

பதில்: போகலாம், பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால். மச்சக்காரர்கள் எல்லோரும் பறந்திருந்தால் பாதி ஊர் காலியாகியிருக்கும்.

கேள்வி: டாக்டர் ஒரு லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்கிறார். ஃபீஸ் தண்டமா?

பதில்: இல்லை. அது டெர்மாஸ்கோப். கை ரேகைகளில் மேடும் பள்ளமும் உண்டு. நிறமி பள்ளத்தில் கோடாகப் படிந்தால் பெரும்பாலும் சாது. மேட்டில் பட்டையாகப் படிந்தால் சந்தேகம். ரேகை சாஸ்திரத்தில் நான் நம்பும் ஒரே பாடம் இதுதான்.

கேள்வி: கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராதாமே?

பதில்: குறைவு, ஆனால் வரும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம் போன்றவர்களுக்கு வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியைத்தான் அதிகம் தேடுகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரலில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார். கூட்டமாக, வருஷக்கணக்கில் மாறாமல் கிடக்கும் புள்ளிகளை விடுங்கள். ஒற்றையாகப் புதிதாக வந்து, விளிம்பு கோணி, நிறம் மாறி, வளர்ந்துகொண்டே போவதை உடனே காட்டுங்கள்.

கேள்வி: எனக்குப் புள்ளி இல்லை, விரல் முட்டிகளும் உள்ளங்கை ரேகைகளுமே கறுக்கின்றன. சோர்வாகவும் இருக்கிறது. எந்த கிரீம் நல்லது?

பதில்: கிரீம் கடைக்காரருக்கு நல்லது. உங்களுக்கு ரத்தப் பரிசோதனைதான் நல்லது. பி12 சத்துக் குறைந்தால் கைகால் தோல் கறுக்கும் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1963லேயே எழுதிவிட்டார்கள். சத்தைக் கொடுத்தால் பழைய நிறம் திரும்பும். சுத்த சைவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேறு காரணங்களும் உண்டு என்பதால், கண்ணாடியை விட்டு டாக்டரைப் பாருங்கள்.