'வண்டி கிளம்பிடுச்சு': மேனாம்பேட்டுச் சரக்கியல் குறித்து ஒரு முதற்கட்ட விசாரணை

பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை 1936-ல் 'இன்கோடெர்ம்ஸ்' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. சரக்கு வழியில் கெட்டால் தலையில் கை வைத்து உட்கார வேண்டியவர் விற்றவரா, வாங்கியவரா என்ற பழைய வழக்கைத் தீர்க்க வந்த தொகுப்பு அது. 2020 பதிப்பில் மொத்தம் 11 விதிகள்: எக்ஸ் ஒர்க்ஸ், எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., டி.டி.பி. என்று போகும். கப்பல் விடும் தேசங்களுக்கு இவை போதும். சென்னை அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுக்குப் போதாது என்று நிறுவுவதே இவ்விசாரணையின் நோக்கம்.

முதலில் களம். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதை நம்பிச் சுற்றுவட்டாரத் தெருக்களிலும் லேத் ஓட ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் டர்னிங், அடுத்ததில் டிரில்லிங், வேறொன்றில் கிரைண்டிங், தள்ளி எங்கோ பிளேட்டிங். சுண்டுவிரல் அளவு புஷ் ஒன்று நாலு வாசல் ஏறி இறங்கினால்தான் கம்பெனி கேட்டைப் பார்க்கும். வாசலுக்கு வாசல் ஒரு டி.சி. (டெலிவரி சலான்) போட வேண்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன மெட்டீரியல் திரும்பி வர ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு ஒரு வருஷம் அவகாசம் தருகிறது. பர்ச்சேஸ் மேனேஜர் சாயங்காலம் வரை தருகிறார்.

இனிப் பொருளுக்கு வருவோம். எஃப்.ஓ.பி.-யில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, கப்பலின் பக்கவாட்டுக் கைப்பிடிக் கம்பியைச் சரக்கு தாண்டும் கணத்தில் பொறுப்பு கைமாறியது. கிரேனில் தொங்கும் பெட்டி கம்பிக்கு நேர் மேலே ஊசலாடும்போது அறுந்து விழுந்தால் நஷ்டம் யாருக்கு? இந்த ஊசலாட்டம் வேண்டாமென்று 2010 பதிப்பில் கம்பியைக் கைவிட்டு, சரக்கு கப்பலுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு என்றார்கள்.

மேனாம்பேட்டில் அந்தக் கம்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் குட்டி யானையின் பின்கதவு. இரண்டு பையன்கள் எண்ணெய் சொட்டும் பின்னை, அதாவது புஷ் நிரம்பிய தொட்டியை, தூக்கி வருகிறார்கள். "அண்ணே, அந்தப் பக்கம் புடிங்க" என்றதும் டிரைவர் ஒரு கையால் புடிக்கிறார்; மறு கையில் போன். பின்னின் பாதி கதவுக்கு உள்ளே, பாதி வெளியே. இந்நிலையில் அது சரிந்து ஐம்பது புஷ் ரோட்டில் உருண்டால், பையன்கள் டிரைவரைப் பார்ப்பார்கள், டிரைவர் போனைப் பார்ப்பார், ஓனர் மூவரையும் பார்ப்பார். அவ்வளவுதான் விசாரணை. பாரிஸில் எத்தனையோ வருஷம் இழுத்த பிரச்சினை இங்கே மூன்று பார்வையில் தீர்ந்து, புஷ்களைத் துடைத்துத் திரும்பப் போட்டுவிடுவார்கள். எக்ஸ் ஒர்க்ஸ் விதிப்படி வண்டியில் ஏற்றிவிடுவது விற்றவர் கடமையே அல்ல என்று அந்தப் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப யாரு சார் தூக்குவா?" என்றார்கள். சபை இதற்கு விடை சொல்லட்டும்.

அடுத்து, காலம். உலகம் முழுக்கச் சரக்கு வந்துசேரும் நேரத்தை மணியில் சொல்கிறார்கள். இங்கே நேரத்தின் அலகு 'கிளம்பிடுச்சு'. அதில் வகைகள் உண்டு. "லோடு ஏறிட்டு இருக்கு சார்" என்றால் வண்டியே இன்னும் வரவில்லை. "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்றால் லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. "பாடி பாலத்துகிட்ட வந்துட்டேன்" என்றால்தான் உண்மையில் கிளம்பியிருக்கிறது. கேட்பவருக்கும் இந்த வாய்ப்பாடு தெரியும். அதனால் இதைப் பொய் என்று வகைப்படுத்த முடியாது. சொன்னவரும் கேட்டவரும் ஒரே கழித்தலைச் செய்துகொள்ளும்போது அது அளவையாகிவிடுகிறது. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி வைத்த அதிகாரிகளும் இந்தக் கழித்தலை அறிந்தவர்களாகவே இருக்க வேண்டும். கார் கம்பெனி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை அதில் கால்வாசித் தூரம்கூட இல்லை.

இத்தனை அவசரத்துக்கும் மூலம் ஜப்பான். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த 'ஜஸ்ட் இன் டைம்' முறைப்படி, தேவையான உதிரிபாகம் தேவையான நேரத்தில் வந்தால் போதும். கார் கம்பெனியில் குடோனை நிரப்பி வைப்பது பாவம். நல்லதுதான். ஆனால் ஸ்டாக் காற்றில் கரைந்துவிடாது. அது சாமி படத்துக்குக் கீழே பெயின்ட் டப்பாக்களில், மெஷின் சந்தில், மாடிப்படியின் அடியில் பட்டறைக்காரர் காசில் உட்கார்ந்திருக்கிறது. மீதி, கம்பெனி கேட்டுக்கு வெளியே வண்டிகளில் வரிசை கட்டி நிற்கிறது. துறைமுகத்தில் இப்படி நின்றால் டெமரேஜ். நாளுக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு. இங்கே அதற்கு ஹால்டிங் என்று பெயர், ரேட்: "பாத்து போட்டுக் குடுங்க சார்." என் பார்வையில் மேனாம்பேட்டின் மொத்தத் தொகுப்பிலும் அநியாயமான விதி இதுதான். கார் கம்பெனியின் நேரத்துக்கு விலை இருக்கிறது, டிரைவரின் நேரத்துக்கு டீ.

விதித்தொகுப்பைச் சபை 1990, 2000, 2010, 2020 என்று பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தி வந்திருக்கிறது. அடுத்த திருத்தத்துக்கு உட்காரும் முன் ஒரு நிபுணரை மேனாம்பேட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு மணிக்கு மேல் வர வேண்டாம். பையன்கள் சாப்பிடப் போயிருப்பார்கள், பின்னை அவரே தூக்க வேண்டியிருக்கும்.