சோப்புக்கு வைத்தியம்

வீட்டிலேயே சோப்பு செய்கிறேன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. பீற்றவிடாமல் குறுக்கே நிற்பது அந்தச் சோப்பேதான். வார்த்து, துண்டு போட்டு, நாலு வாரம் காற்றாட உலர்த்தி, ஓலைப்பெட்டியில் அடுக்கி, மேலே சணல் நூலில் ஒரு முடிச்சும் போட்டுக் கொடுக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். சில மாதம் போகட்டும். வாங்கிக்கொண்டவர்கள் என்னைக் கண்டால் சோப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள்.

உண்மையைச் சொன்னவர் மதினி ஒருவர்தான். "சோப்பு நல்லாத்தான் இருக்கு. நுரையும் வருது. குளிச்ச பொறவுதான் மேலெல்லாம் பழைய முறுக்கு டப்பா வாசம் வருது" என்றார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வாசனைக்கு முன்னால் புள்ளி வரும். முதலில் ஏதோ ஒரு ஓரத்தில் கடுகளவு மஞ்சள். துடைத்தால் போகாது, சுரண்டினால் உள்ளேயும் இருக்கும். பத்து நாளில் அது ஆரஞ்சாகி, பிறகு பழுப்பாகி, சுற்றி லேசாகப் பிசுபிசுக்கும். விரலை வைத்து முகர்ந்தால் காறல் வாடை மூக்கில் ஏறும். உலகம் முழுக்கக் கையால் சோப்பு செய்கிறவர்கள் இதற்கு 'டிரெடட் ஆரஞ்சு ஸ்பாட்ஸ்' என்று பேர் வைத்து, சுருக்கமாக டி.ஓ.எஸ். என்று நடுங்குகிறார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. "இதென்ன புள்ளி?" என்று கேட்ட எதிர்வீட்டு அக்காவிடம், "கஸ்தூரி மஞ்சள்க்கா, தோலுக்கு ரொம்ப நல்லது" என்று கூசாமல் சொன்னேன். அவர் இன்னொன்று கேட்டு வாங்கிப் போனார். அந்தப் பாவம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

புள்ளிக்குக் காரணம் எளிது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் சிலவற்றில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அங்கேதான். ஒட்டியதும் பெராக்சைடுகள் உண்டாகும். அவை உடைந்து வருகிற ஆல்டிஹைடுகள்தான் காறல் வாடை. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அயோடின் எண் காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10க்குள். நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல். சூரியகாந்தி எண்ணெய்க்கு 130 வாக்கில். நான் எடுத்ததோ அரைக் கிலோ தேங்காய் எண்ணெய்க்கு அரைக் கிலோ சூரியகாந்தி எண்ணெய். ஏன் சூரியகாந்தி என்று கேட்டால், அடுப்படியில் கைக்கு எட்டியது அதுதான். லினோலெயிக், லினோலெனிக் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து 15 சதவீதத்தைத் தாண்டவேண்டாம் என்பது சோப்புக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. என் சோப்பில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர்கள் எண்ணெயை மாற்றுவார்கள். நான் மருந்து தேடினேன். எதையாவது ஒன்றைக் கூடப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் பிறவிக் குணம்.

முதல் மருந்து வைட்டமின் ஈ. மெடிக்கல் ஷாப்பில் பச்சை காப்ஸ்யூல் ஒரு அட்டை வாங்கி, ஊசியால் குத்தி, ஒவ்வொன்றாக எண்ணெய் பாட்டிலுக்குள் பிதுக்கினேன். விரலெல்லாம் பிசுக்கு, மனசெல்லாம் விஞ்ஞானி நினைப்பு. காப்ஸ்யூலில் வருவது பெரும்பாலும் டோகோஃபெரில் அசிடேட் என்பதை அட்டையின் பின்பக்கம் படித்தது பிறகுதான். டோகோஃபெரால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது அதன் ஹைட்ராக்சில் முனையால். அசிடேட்டில் அந்த முனை அடைபட்டுக் கிடக்கிறது. மனித உடம்புக்குள் போனால் திறக்கும், எண்ணெய் பாட்டிலுக்குள் திறக்காது. அட்டை தீர்ந்தது, புள்ளி தீரவில்லை.

அடுத்தது ரோஸ்மேரி. ரோஸ்மேரி நல்ல காப்பு என்று எங்கேயோ படித்துவிட்டு, ஊட்டிக்குப் போனபோது வாசனைத் தைலக் கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கிவந்தேன். விலையைக் கேட்ட இவர், "இதுக்கு ஒரு வருஷத்துக்குக் கடை சோப்பு வாங்கலாமே" என்றார். சோப்பு கமகமவென்று மணந்தது. பிறகு கமகமவென்று காறியது. காக்கிற சத்து கார்னோசிக் அமிலம். அது ஆவியாகாத வஸ்து. நீராவியில் வடித்தெடுக்கிற தைலத்தில் அது வராது. இலையைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் கரும்பச்சைப் பிசின் சாறு, அதாவது ரோஸ்மேரி ஓலியோரெசின், அதுதான் நான் வாங்கியிருக்க வேண்டியது. நான் வாங்கியது வாசனையை மட்டும்.

ஜாம் பாட்டிலுக்குப் போடுகிற சோடியம் பென்சோயேட்டையும் விட்டுவைக்கவில்லை. கெடாமல் வைப்பதுதானே அதன் தொழில் என்று நினைத்தேன். அது தடுப்பது பூஞ்சையையும் ஈஸ்டையும். அதுவும் புளிப்பான பண்டத்தில்தான் வேலை செய்யும். சோப்பு காரம், அதன் பி.எச். 9, 10 என்று நிற்கும். அந்தக் காரத்தில் பூஞ்சையே எளிதில் தலைகாட்டாது. வராத திருடனுக்கு நான் காவல் போட்டேன். வந்த திருடன் ஆக்சிஜன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து எலுமிச்சை உப்பு. எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலம் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோடியம் சிட்ரேட் ஆகும். அது இரும்பு, செம்பு அயனிகளைப் பிடித்துக் கட்டிப்போடும். அந்த உலோகங்கள்தான் எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கிற தரகர்கள். இதுவரை நான் படித்தது சரி. படிக்காமல் விட்டது அடுத்த பத்தி. 10 கிராம் எலுமிச்சை உப்பு 6 கிராமுக்குக் கொஞ்சம் மேலே காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும். ஆகவே அந்த அளவு சோடாவைக் கூடச் சேர்க்கவேண்டும். நான் ஒரு கிலோ எண்ணெய்க்கு 20 கிராம் எலுமிச்சை உப்பைக் கொட்டிவிட்டு, சோடாவைப் பழைய அளவிலேயே நிறுத்தினேன்.

கணக்கைப் பாருங்கள். என் எண்ணெய்க் கலவை முழுதும் சோப்பாக மாற 158 கிராம் சோடா வேண்டும். தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று 5 சதவீத எண்ணெயை மாறாமல் விடுவது வழக்கம், அதற்குப் பேர் சூப்பர்ஃபேட். அதற்காகச் சோடாவை 150 கிராமாகக் குறைத்திருந்தேன். எலுமிச்சை உப்பு அதில் பன்னிரண்டரை கிராமைத் தின்றது. மிச்சம் 138க்குக் குறைவு. 5 சதவீதம் இருந்த சூப்பர்ஃபேட் 13 சதவீதமாகிவிட்டது. காறலைத் தடுக்கப் போட்ட பொருள், காறுவதற்கென்றே ஒரு பங்கு எண்ணெயைச் சும்மா விட்டுவைத்தது. சோப்பு அச்சிலிருந்து அல்வாப் பதத்தில் இறங்கியது. புள்ளியும் வழக்கத்தைவிட முந்திக்கொண்டு வந்தது.

உலோகம் கூடாது என்று இவ்வளவு படித்தவள் சோடா கரைக்க எந்தத் தண்ணீரை எடுத்தேன் தெரியுமா? தாம்பரத்துப் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் அடியில் செம்மண் நிறத்தில் படியும், இரும்பு. அது வேண்டாமென்று இன்னும் உத்தமமான தண்ணீரைத் தேடினேன். காலையில் குடிப்பதற்காக ராத்திரியே செம்புக் குடத்தில் ஊற்றி வைக்கிறோமே, உடம்புக்கு நல்லது என்று, அது. எண்ணெய் காறுவதை முடுக்கிவிடுவதில் செம்பு இரும்புக்கும் அண்ணன். துண்டு போட்ட சோப்பை உலர்த்தியது பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய, பூச்சு உரிந்த கம்பித் தட்டில். ஒரு மாதம் கழித்து எடுத்தால் ஒவ்வொரு சோப்பின் அடியிலும் கம்பிக்கு நேராக ஆரஞ்சுக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. டிசைன் நன்றாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

இதற்கிடையில் ஓலைப்பெட்டியில் ஒட்ட ஒரு லேபிள் அடித்திருந்தேன்: 'ரசாயனம் கலக்காதது'. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டிக்கொண்டு காஸ்டிக் சோடாவைக் கரைக்கிறவள் அடித்த லேபிள் அது. கடை சோப்பு உறையை ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ., பி.எச்.டி. என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. முன்னது உலோகத்தைக் கட்டுவது, பின்னது ஆக்சிஜனேற்றத்தை நிறுத்துவது. நான் கிண்டலடித்த கடை சோப்புக்காரர்கள் சத்தமில்லாமல் இரண்டு வாசலையும் அடைத்திருந்தார்கள். நான் ஒரு வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஹாம்டன்–சிட்னி கல்லூரியில் வேதியியல் கற்பித்த பேராசிரியர் கெவின் டன் இந்தச் சமாசாரங்களையெல்லாம் சோப்பிலேயே சோதித்துப் பார்த்தவர். 'சயின்டிஃபிக் சோப்மேக்கிங்' என்ற அவருடைய புத்தகம் 2010இல் வந்தது. சோப்பைப் பற்றி ஒருவர் தராசும் பொறுமையுமாக இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதே எனக்கு ஒரு குட்டு.

ஆனால் என் வியாதியைக் கண்டுபிடித்தது பேராசிரியர் இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா. நான் சோப்பு செய்ய எண்ணெய் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் கால்வாசி பழைய எண்ணெய். அதன் மேலேயே புதுப் பாக்கெட்டைக் கத்தரித்துக் கவிழ்த்தேன்.

"ஏட்டி, பழைய எண்ணெ மேல புது எண்ணெய ஊத்தாதேன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன். அதுவும் சேந்து காறிராதா?"

"அதுக்குத்தாம்மா மருந்து போடுதேன்."

"மருந்த அன்னைக்கே போட்டிருக்கணும்" என்றாள், மூக்கை மூடிக்கொண்டு.

அம்மாவுக்குப் பெராக்சைடு தெரியாது. ஆனால் அவள் சொன்னது அச்சொட்டாக அதுதான். ஆக்சிஜனேற்றம் ஒரு தொடர்வினை. பழைய எண்ணெயில் உருவான பெராக்சைடு புது எண்ணெயிலும் வேலையைத் தொடங்கிவைக்கும். காப்புப் பொருள் அந்தத் தொடரை ஆரம்பத்தில் மறிக்கும், அதுவும் தான் தீர்ந்துபோகிறவரை மட்டும். ஏற்கெனவே காறியதை அது திருப்பிக் கொண்டுவராது. நானோ அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னல் வெயிலில், பாதி காலியான கண்ணாடி பாட்டிலில் மாதக்கணக்கில் எண்ணெயை வைத்திருந்துவிட்டு, சோப்பு செய்கிற நேரத்தில் துளித் துளியாக மருந்து விட்டேன். கண் கெட்ட பிறகு சூரியகாந்தி நமஸ்காரம்.

இப்போது நடைமுறை மாறியிருக்கிறது. தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கொஞ்சம் கூடுதல், சூரியகாந்தி அறவே இல்லை. நல்லெண்ணெய் கொஞ்சம் உண்டு. அதன் அயோடின் எண்ணைப் பார்த்தால் அது சீக்கிரம் காறவேண்டும். ஆனால் எள்ளிலேயே உள்ள செசமோலின் போன்ற பொருள்கள் அதைக் காக்கின்றன. எண்ணெயைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இருட்டான அலமாரியில் வைக்கிறேன். ரோஸ்மேரிப் பிசின் சாற்றை, ஆயிரத்துக்கு ஒரு பங்கு, எண்ணெய் வந்த அன்றே கலக்கிவிடுகிறேன். எலுமிச்சை உப்புக்கு வேண்டிய சோடாவைத் தனியே எடைபோட்டுச் சேர்க்கிறேன். தண்ணீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். உலர்த்துவது மூங்கில் தட்டில். செம்புக் குடம் குடிப்பதற்கு மட்டும். 'ரசாயனம் கலக்காதது' லேபிளில் மிச்சமிருந்தவை மளிகை டப்பாக்களின் உள்பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளன.

புள்ளி வருவது நின்றுவிட்டதா என்று கேட்டால், பதில் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் அரைக் கிலோதான் காய்ச்சுகிறேன். புள்ளி வருவதற்குள் குளித்துத் தீர்த்துவிடுகிறோம். எந்த மருந்தும் போடாமல் இருந்திருந்தாலும் அது தீர்ந்திருக்கும் என்கிறார் இவர். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆறு மாதம் ஒரு கட்டியை எடுத்து வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் எடுத்து வைத்ததில் புள்ளி வந்துவிட்டால் யார் முகத்தில் முழிப்பது?

பிறவிக் குணமும் போகவில்லை. மாதுளம் தோலில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் நிறைய இருக்கிறதாம். எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது, காரத்தில் நிற்காது, சோப்பை அழுக்குப் பழுப்பாக்கும் என்பதெல்லாம் எனக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரு முறம் நிறையத் தோலை மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறேன்.