உங்களுக்குத்தான் வியர்க்குதே!

பிள்ளையார்பாளையத்து ஓட்டு வீட்டில், கத்திரி வெயிலில், தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருக்கும் ஒரே சொத்து வியர்வை. மதியம் என் பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். அதைக் காட்டித்தான் டேபிள் ஃபேனை இத்தனை வருஷமாக என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். இரண்டாவது காபி கிடைத்ததும் அதன் புண்ணியத்தில்தான். இந்த அனுபோக பாத்தியதையை ஒரு நாட்டுக்கோழி வந்து பிடுங்கிக்கொண்டது.

ஒருநாள் உச்சிவெயிலில் எங்கள் செவலை கொல்லைப்புறத்தில் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டு நின்றது. அரைத் தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு ஆயா சின்ன வெங்காயம் நசுக்கிக் கொடுக்கச் சொன்னார். பாவு நீட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு வந்து, வெள்ளைக் கழிச்சல்தான் என்று தீர்ப்பெழுதினார். வரதர் கருட சேவைக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் மச்சானுக்கோ கண்ணே கலங்கிவிட்டது. "அது படற கஷ்டத்தைப் பார்க்க முடியலை மாமா. வீட்ல மிளகு இருக்கா?" என்றான்.

தம்பியை ஒரு முறை முறைத்துவிட்டு, என் மனைவி குமரகோட்டத்து முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். கந்தபுராணம் அரங்கேறிய கோயில். சேவலுக்குக் கொடியிலேயே இடம் கொடுத்தவர் கோழியைக் கைவிடுவாரா என்பது அவள் கணக்கு. தறி மிதித்து மிதித்து என் முழங்கால் போனபோது இந்த மஞ்சள் துணி எங்கே இருந்ததோ தெரியவில்லை.

கோழியை ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். "பிப்ரவரி முகாம்ல கழிச்சல் ஊசி போட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். "போட்டாச்சு சார்" என்றாள் அவள். வீட்டில் இப்படியொரு ஊசி நடந்ததே எனக்கு அங்கேதான் தெரியும். எச்சத்தையும் கழுத்தையும் பார்த்தவர், இது கழிச்சல் இல்லை, வெறும் வெக்கை என்றார். கோழிக்கு உடம்புச் சூடு எப்போதுமே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல்தானாம். வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டை வழியாகவும் கால் வழியாகவும் கொஞ்சம் சூடு போகும். மிச்சத்தை வாயால் இரைத்துத்தான் தள்ள வேண்டும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடி, முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து குறைந்துவிடும். தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு கிளம்புமாம். அதனால் மதியத்தில் போடாமல் விடியற்காலையிலும் சாயங்காலமும் போடணும். ஐஸ் தண்ணியில் முக்கக்கூடாது. சாதாரணத் தண்ணியில் காலை நனைக்கணும். குடிக்கிற தண்ணியில் எலக்ட்ரோலைட் பொடி கலக்கணும்.

இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு வாக்கியத்தை: அதுக்கு வியர்க்காது.

அன்றைக்கே ஃபேன் திரும்பியது. "எனக்குப் புழுங்குதே" என்றேன். "உங்களுக்குத்தான் வியர்க்குதே!" என்றாள். கரண்ட் போனபோது கோழிக்கு விசிறிவிடச் சொன்னாள். எனக்கே ஊத்துது என்று நான் சொன்ன அடுத்த நொடி, அதே பதில். ஐம்பது வயதுக்கு மேல், வியர்ப்பது ஒரு கொடுப்பினை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம் என்றால் தறிக்குழிதான். மிதிகளுக்கு நடுவே மண்தரை சில்லென்று இருக்கும். மதியத்துக்கு அது செவலையின் படுக்கை அறையானது. ஜன்னலில் நனைத்த சாக்கு. கோழி தூங்கும்போது மிதி அசையக்கூடாது. அசைத்தும் பயனில்லை: தறியில் இருந்தது கோர்வைப் புடவை, ஒரு பக்கக் கரைக்கு நாடா கொடுக்க என் மனைவி வேண்டும், அவளோ குழியோரத்தில் டியூட்டியில் இருந்தாள். ஆகவே கோழிக்குத் தீனி வைக்கிற வேளைகளில் எனக்கு நெசவு.

முகூர்த்தப் புடவை ஏன் இன்னும் வரவில்லை என்று முதலாளி போன் செய்தார். "குழியில கோழி படுத்திருக்குங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "உடம்பைப் பார்த்துக்கப்பா" என்று வைத்துவிட்டார். யார் உடம்பை என்று சொல்லவில்லை.

இதில் ஒரு விந்தை. வறண்ட காற்றில் பட்டு இழை முறுகிப்போய் அடிக்கடி அறும். அறுந்ததைப் பிணைத்துப் பிணைத்தே பொழுது போகும். சாக்கின் ஈரம் அறைக்குள் பரவியதிலிருந்து பாவு அவ்வளவாக அறவில்லை. நெசவு இவ்வளவு சுத்தமாக விழுகிறதே என்று முதலாளியே வந்து பார்த்து மெச்சினார். "எல்லாம் செவலை வந்த நேரம்" என்றாள் என் மனைவி. முப்பது வருஷமாக நெய்கிறவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

செவலை தேறியது. தேறிய கையோடு ஒரு முட்டையும் இட்டது. எடுத்த என் விரல் அப்படியே உள்ளே போனது, ஓடு அவ்வளவு மெலிசு. டாக்டர் சொன்னது சரிதான் என்று கிளிஞ்சல் வாங்கி வந்து இடித்துத் தீனியில் கலக்க ஆரம்பித்தாள். சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் நல்லதாச்சே என்று நானும் வேட்டியை லேசாகத் தூக்கி முழங்காலைக் காட்டினேன்.

"நீங்க என்ன முட்டையா போடறீங்க?" என்றாள்.